கறக்காத கிடாவின் பால் கணக்கு

அரியானாவில் ரோத்தக், ஹிசார், ஜீந்து பக்கத்து வீடுகளில் முர்ரா எருமைதான் சொத்து. மைக்கறுப்பு உடம்பு, இறுக்கிச் சுருட்டி வைத்தது போல் குட்டைக் கொம்பு. பெண்கன்று போட்டால் வீட்டில் சிரிப்பு. கிடாக்கன்று போட்டால் அதற்கென்று ஒரு காம்பை விட்டு வைத்தாலே தாராளம், மற்றதெல்லாம் கேனுக்குப் போய்விடும். உழவுக்கும் வண்டிக்கும் டிராக்டர் வந்துவிட்டபிறகு கிடாவை யார் மதிப்பார்கள்? நம்மூரிலும் இதே கதைதான். ஆனால் இந்தக் கஞ்சத்தனத்துக்கான விலை இரண்டு வருஷம் கழித்து விரைப்பையில் தெரியும்.

விரைக்குள் நூலிழை போன்ற குழாய்கள் சுருண்டு கிடக்கின்றன. அவற்றின் உட்சுவரில் செர்டோலி செல்கள் என்று ஒருவகை உண்டு. விந்தணுவாக மாறப்போகும் செல்களை அணைத்துப் பிடித்து, ஊட்டி வளர்க்கிற தாதிகள் இவை. ஒரு தாதியால் இத்தனை பிள்ளைகளைத்தான் பார்த்துக்கொள்ள முடியும் என்று ஒரு வரம்பு இருக்கிறது. இந்த செல்கள் பெருகுவது கன்றுப் பருவத்தில் மட்டும்தான். கிடா பருவத்துக்கு வந்தபிறகு எண்ணிக்கை கூடாது. பெருகச் சொல்லும் ஹார்மோன் சமிக்ஞை மூளையிலிருந்து கிளம்புகிறது, வயிறு காய்ந்த கன்றில் அது மங்கலாகவே வருகிறது. பசுங்காளைக் கன்றுகளில் இதைத் தெளிவாகவே பார்த்திருக்கிறார்கள்: முதல் ஆறு மாதம் பட்டினி போட்டால் பருவம் தள்ளிப்போகும், விரையும் சிறுத்துவிடும். பிறகு மூட்டை மூட்டையாகத் தீவனம் போட்டாலும் விட்டதைப் பிடிக்க முடியாது.

அதனால்தான் பொலிகிடா தேர்வில் துணி அளவு நாடாவுக்கு ஒரு வேலை இருக்கிறது. கிடாவைச் சட்டத்துக்குள் நிறுத்தி, இரண்டு விரைகளையும் மெல்லக் கீழே இறக்கி, பருத்த இடத்தில் நாடாவைச் சுற்றிப் பார்க்கிறார்கள். சுற்றளவு கூடினால் உள்ளே குழாய்கள் அதிகம் என்று பொருள். நன்றாக வளர்ந்த முர்ரா கிடாவில் 30 செ.மீ. ஒட்டி வரும். எருமையின் விரை இயல்பிலேயே காளையுடையதைவிடச் சிறிது. எனவே ஒவ்வொரு சென்டிமீட்டரும் கணக்கு.

எருமைக்குப் பருவமும் தாமதம்தான். ஹோல்ஸ்டீன் என்ற சீமை மாட்டினக் காளை ஒரு வயதிலேயே விந்து தரத் தொடங்கிவிடும். முர்ரா கிடாவிடம் உறைய வைக்கத் தகுந்த விந்து கிடைக்கப் பெரும்பாலும் இரண்டு, இரண்டரை வயதாகிறது. ஆனால் ஆலை ஓடத் தொடங்கிவிட்டால் வேகம் வேறு. காளையில் ஒரு விந்தணு முழுதாக உருவாக ஏறக்குறைய 61 நாள், எருமையில் 38 நாள் போதும். சோம்பலுக்கு உவமை சொல்லப்படுகிற பிராணிக்கு இது எனக்குப் பிடித்த முரண்.

அப்புறம் வெயில். விந்தணு உருவாக, உடம்புச் சூட்டைவிட இரண்டு முதல் ஐந்து டிகிரி வரை குறைவான சூடு வேண்டும். விரைப்பை வெளியே தொங்குவது அதற்காகத்தான். எருமைக்கு வியர்வைச் சுரப்பி குறைவு, கறுந்தோல் வேறு. குட்டையில் ஊறவிடாமல் மே மாதத்தில் கட்டிப்போட்டால் விந்து கெடும், அதுவும் அன்றைக்கே தெரியாது. கருக்கொண்டிருந்த விந்தணுக்கள் முதிர்ந்து வெளிவர வாரக்கணக்காகும் என்பதால், மே வெயிலின் பாதிப்பு ஜூன், ஜூலையில் நுண்ணோக்கியின் கீழ் வந்து நிற்கும்.

விந்து நிலையத்தில் அந்தச் சொட்டைப் பார்ப்பதே ஒரு காட்சி. வெதுவெதுப்பான கண்ணாடித் தகட்டில் ஒரு துளி. நல்ல விந்து என்றால் தனித்தனி அணு எதுவும் தெரியாது, மழைமேகம் போலப் புரண்டு புரண்டு சுழலும். சுழற்சி மந்தமாக இருந்தால் அன்றைய சேகரிப்பு சாக்கடைக்கு. தேறினதை 0.25 மில்லி குச்சிகளில், ஒன்றுக்கு 2 கோடி அணு வீதம் அடைத்து, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் இறக்குகிறார்கள். ஒருமுறை கிடைக்கும் 3 மில்லியில், மில்லிக்கு 100 கோடி என்று வைத்தால், 150 குச்சி வரை வரும். இப்படி ஒரு கிடாவால் வருஷத்துக்கு ஆயிரக்கணக்கான எருமைகளுக்குச் சினை ஊசி போடலாம். சென்னைக்குப் பக்கத்தில் அலமாதி நிலையத்திலும் முர்ரா கிடாக்கள் உண்டு.

சரி, இத்தனை கன்றுகளுக்குத் தகப்பனாகப் போகிறவனை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? புருசெல்லோசிஸ் என்ற கருச்சிதைவு நோய், காசநோய் சோதனைகள் இருக்க வேண்டியவை. குரோமோசோம் 50 இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். கஷ்டம் பால் விஷயத்தில்தான். அவன் கறக்கமாட்டான், பாலுக்கான மரபணு மட்டும் வைத்திருக்கிறான். தாயின் கறவையைப் பார்த்து ஊகிக்கலாம், ஆனால் தாயின் மரபணுவில் பாதிதான் அவனிடம் வந்திருக்கும், எந்தப் பாதி என்று முகத்தில் எழுதியிருக்காது. நம்பகமான வழி மகள்களைக் கறந்து பார்ப்பது. பல ஊர்களில் அவன் விந்தைப் போட்டு, மகள்கள் பிறந்து, வளர்ந்து, ஈன்று, முதல் ஈத்து 305 நாள் கறவை முடிய வேண்டும். முடிவு வரும்போது கிடாவுக்கு ஒன்பது வயதை ஒட்டியிருக்கும். சில கிடாக்கள் செத்தபிறகுதான் ‘தங்கம்’ என்று தெரியவரும். குச்சிகள் மட்டும் நைட்ரஜனில் காத்திருக்கும்.

நல்ல கிடா போய்விட்டால் என்ன செய்வது என்ற கவலைக்கு ஹிசாரில் உள்ள மத்திய எருமை ஆராய்ச்சி நிலையம் நகலாக்கத்தால் (குளோனிங்) ஒரு பதில் சொல்லிப் பார்த்தது. 2015 டிசம்பரில் அங்கே பிறந்த ‘ஹிசார் கௌரவ்’ நகல் கிடா. காத்திருப்பைக் குறைக்க வந்த வழி வேறு. 2024 அக்டோபரில் வெளியான மகிஷ் சிப், கன்றின் டி.என்.ஏ. மாதிரியைப் படித்து, அது எவ்வளவு பாலுக்கான வாரிசு என்று மதிப்பிட உதவுகிறது. பால்குடி மறக்காத கன்றுக்கே மதிப்பெண் போட்டுவிடலாம்.

அந்த மதிப்பெண் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் மறுபடி தொழுவத்துக்கே வந்து சேர்வோம். எந்த மரபணு எழுத்து எத்தனை லிட்டர் என்று கணினிக்குச் சொல்லித்தர, டி.என்.ஏ.வும் கறவைப் பதிவும் சேர்ந்திருக்கிற ஆயிரக்கணக்கான எருமைகள் வேண்டும். அதற்காக மாதம் ஒருமுறை காலையிலும் மாலையிலும் யாரோ ஒருவர் தராசோடு வந்து நிற்கிறார். வீட்டம்மா கறந்து முடித்ததும் வாளியைத் தூக்கி மாட்டி, கிலோவைப் படித்து, எருமையின் காதுவில்லை எண்ணுக்கு நேரே எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார்.