கனடாவுக்கு இரண்டு பெட்டி: நிறுக்க வேண்டியதைத் திருகோணமலையிலேயே நிறுத்துவிடுங்கள்

கனடாவுக்குக் குடிபோகிறவர்கள் பெட்டி கட்டும்போது ஆளுக்கு 46 கிலோ என்று கணக்குப் போடுவார்கள். டிக்கெட்டில் அப்படி எங்கும் எழுதியிருக்காது. பொதிக்கான இடத்தில் ‘2 பிசி’ என்றுதான் இருக்கும். இரண்டு பொதி, பெரும்பாலான சாதாரண வகுப்பு டிக்கெட்டுகளில் ஒவ்வொன்றும் 23 கிலோவுக்குள். ஒன்றில் 30 கிலோ, மற்றதில் 16 கிலோ அடைத்துக்கொண்டு போனால் கூட்டுத்தொகை சரிதான். ஆனாலும் 30 கிலோப் பெட்டிக்கு மேலதிக நிறைக் கட்டணம் கேட்பார்கள். மற்றப் பெட்டியில் மிச்சமாய்க் கிடக்கும் 7 கிலோவை யாரும் கணக்கில் எடுக்கமாட்டார்கள்.

வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்களின் டிக்கெட்டில் பெரும்பாலும் கிலோக் கணக்குத்தான். எண்ணுக்குப் பின்னால் ‘கே’ என்றோ ‘கேஜி’ என்றோ இருக்கும். இங்கே மொத்த நிறைதான் பேச்சு. ஆனாலும் ஒரு தனிப் பொதி 32 கிலோவைத் தாண்டக் கூடாது. அது பொதி தூக்கும் தொழிலாளியின் முதுகுக்காக வைத்த எல்லை என்பதால் காசு கட்டி அதைத் தாண்ட முடியாது. 40 கிலோ அனுமதி இருக்கிறவர் இரண்டாகப் பிரித்தே ஆக வேண்டும்.

இதையெல்லாம் கவுண்டருக்கு முன்னால் கற்றுக்கொள்வதுதான் எங்கள் திருகோணமலைக்காரருக்கு வரும் சிக்கல். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் எல்லாம் தாண்டி, இருநூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடித்தான் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போகிறோம். கொழும்புக்காரர் கூடின சாமானை வீட்டுக்குக் கொடுத்தனுப்பலாம். இரவு பஸ்ஸிலோ ரயிலிலோ வந்தவர் யாரிடம் கொடுப்பார்? கட்டணத்தைக் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் விட்டுவிட்டுப் போக வேண்டும். வான் பிடித்து வந்தவர்கள் வானைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லுங்கள்.

கையில் தூக்கி நிறுக்கும் சிறிய டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அதையும் அப்படியே நம்பிவிட வேண்டாம். 10 கிலோ அரிசிப் பை ஒன்றை மாட்டிப் பாருங்கள், 9.4 காட்டினால் அந்த வித்தியாசத்தை மனதில் வைத்துத்தான் பெட்டியை நிறுக்க வேண்டும். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு கிலோ குறைவாக வையுங்கள். வெறும் பெட்டியின் நிறையையும் பாருங்கள். பெரிய சூட்கேஸ் ஒன்று 4, 5 கிலோ வரும், அதாவது 23இல் ஐந்தில் ஒரு பங்கு சாமான் வைக்கும் முன்பே போய்விடுகிறது. டிக்கெட்டில் ‘2 பிசி’ என்று எண்ணிக்கைக் கணக்கு இருந்தால் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து வழக்கமாக 158 சென்ரிமீற்றருக்குள் இருக்க வேண்டும். சில்லும் கைபிடியும் அதற்குள் அடங்கும்.

காட்போட் பெட்டி நிறை குறைவு என்பது உண்மை. ஆனால் மாரி காலத்தில் ஒருமுறை நனைந்தால் அடிப்பக்கம் பிரிந்துவிடும். உள்ளே தடித்த பொலித்தீன் பை விரித்து அடுக்கி, அடியில் டேப்பை நீளமாகவும் குறுக்காகவும் ஒட்டுங்கள். கயிறு சுற்றுவது நம் பழக்கம். பொதி ஓடும் பட்டியில் அந்தக் கயிறு சிக்குவதால் சில நிறுவனங்கள் கயிறு கட்டிய பெட்டியை ஏற்பதில்லை. உருண்டையான மூட்டையும் வேண்டாம். டுபாய் விமான நிலையம் 2017 மார்ச்சிலிருந்து தட்டையான பக்கம் இல்லாத பொதிகளை ஏற்பதில்லை.

சாப்பாட்டுச் சாமானில்தான் கூடுதலாய் மனம் நோகிறது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு இறைச்சியும் நெய்யும் கொண்டுபோக முடியாது. கருவாடு போகும், ஆளுக்கு மீன் வகை 20 கிலோ வரை. ஆனால் ஒரு பிடி கறிவேப்பிலைக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். எலுமிச்சை, தோடை இன மரங்களுக்கு நோய் பரப்பும் பூச்சி கறிவேப்பிலையிலும் வாழும். அவுஸ்திரேலியாவில் எந்தச் சாப்பாட்டுச் சாமான் என்றாலும் வருகை அட்டையில் குறித்துக் காட்டிவிடுங்கள். காட்டினால் அதிகம் போனால் எடுத்து வீசுவார்கள், மறைத்தால் தண்டம். சென்னை வழியாகப் போகிறவர்கள் கொப்பரையை வீட்டிலேயே வைத்துவிட வேண்டும். எண்ணெய்ப் பசையால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது. இந்தியா 2022இல் அதைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. மிளகாய்த்தூளை இரண்டு பையில் போட்டு, காற்றை அமுக்கி எடுத்து, உடுப்புக்குத் தூரமாய் வையுங்கள். தேங்காய் துருவலைக்கு அலகு இருப்பதால் அது கைப்பொதியில் போகாது.

பவர் பேங்க் கைப்பொதியில் மட்டும். அது தேக்கும் மின்சக்தியை வோட்-மணியில் (Wh) அளப்பார்கள். 100 வோட்-மணி வரை பிரச்சினையில்லை, 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதற்கு மேல் ஏற்றவே மாட்டார்கள். மில்லி அம்பியர்-மணியில் (mAh) போட்டிருக்கும் எண்ணை 3.7ஆல் பெருக்கி 1000ஆல் வகுத்தால் வோட்-மணி வரும். 20,000 என்றால் 74. 30,000 என்றால் 111. எழுத்து அழிந்துபோனதைக் கொண்டுபோகாதீர்கள், பறித்துவிடுவார்கள். நகை, சான்றிதழ் மூலப்பிரதி, மருந்து எல்லாமும் கைப்பொதியில்தான்.

மிச்சத்தைக் கார்கோவில் போடலாம் என்றால், வான்வழியில் நிறையோடு பருமனையும் பார்ப்பார்கள். 60, 45, 45 சென்ரிமீற்றர் பெட்டியின் அளவுகளைப் பெருக்கி 6000ஆல் வகுத்தால் 20.25 கிலோ வரும். தலையணை அடைத்த அந்தப் பெட்டி தராசில் 9 கிலோதான் என்றாலும் கட்டணம் இருபது கிலோவுக்கு மேல் கணக்காகும். கனடாவில் குடியேறுகிறவர்கள் பின்னால் வரும் சாமானின் பட்டியலை எழுதி, முதல் தடவை இறங்கும்போதே சுங்கத்தில் காட்ட வேண்டும். பிறகு காட்டுவோம் என்று விட்டால் வரிவிலக்கு சிக்கலாகும்.

பெட்டி வந்து சேராவிட்டால், மண்டபத்தை விட்டு வெளியேறும் முன்பே முறைப்பாட்டுப் படிவம் எழுதி இலக்கம் வாங்குங்கள். விமானப் பயணிகளின் நட்டஈடு பற்றிய சர்வதேச மொன்றியல் உடன்படிக்கைப்படி சேதம் என்றால் 7 நாளுக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். பெட்டி தாமதித்து வந்தால் கைக்குக் கிடைத்ததிலிருந்து 21 நாள். நட்டஈட்டின் உச்சம் பெட்டிக்கு அல்ல, ஆளுக்குத்தான்.

கவுண்டரில் பெட்டிக்கு ஒட்டும் பட்டியில் கடைசியாக இறங்கும் விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டைப் பாருங்கள். ரொறன்ரோவுக்குப் போகிறவருக்கு அது ‘வை வை இசட்’. இடையில் மாறும் ஊரின் எழுத்து மட்டும் இருந்தால் பெட்டி அங்கேயே இறங்கிவிடும். தனித்தனி டிக்கெட் எடுத்தவர்களுக்கு வழக்கமாக இதுதான் நடக்கும். பெட்டியை எடுத்துத் திரும்பப் போட அந்த நாட்டு விசாவும் தேவைப்படலாம். எழுத்துச் சரிதானா என்று பார்த்து, பட்டியின் துண்டைக் கையில் வாங்கிய பிறகு வெளியே நிற்கும் வானுக்குப் போன் பண்ணிப் போகச் சொல்லுங்கள்.