ஈறில் கசியும் ரத்தத்தைத் துப்பிவிட்டுப் போகாதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பல் மருத்துவம் பார்க்கிறேன். ஒரு நாள், ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரை அவருடைய மனைவி சக்கர நாற்காலியில் அழைத்து வந்தார். பக்கவாதம் வந்து இரண்டு மாதம். வலது பக்கம் இழுத்துவிட்டது. "வாய் நாறுகிறது டாக்டர். சோறும் இறங்கவில்லை" என்றார் அம்மா.

வலது கன்னத்தை விலக்கிப் பார்த்தேன். முந்தின நாள் சோறும் கீரை நாரும் அப்படியே ஒதுங்கிக் கிடந்தன. மேல் பல்செட்டை மருத்துவமனையிலிருந்து வந்த நாள்முதல் யாரும் கழற்றவில்லை. அதனடியில் அண்ணம் சிவந்து புண்ணாகியிருந்தது. "கழற்றலாமா என்று பயந்துபோய் விட்டுவிட்டேன்" என்று அவர் அழுதபோது எனக்கே தாங்கவில்லை. உணர்ச்சியற்ற கன்னத்தில் உணவு தங்குவது நோயாளிக்குத் தெரியாது. அந்த அழுக்கு எச்சிலோடு நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரலாம். இதை வீட்டாருக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

நிமிர்த்தி உட்கார வைத்து, ஈரத்துணியை விரலில் சுற்றிக் கன்னத்தைத் துடைப்பது, மெல்லிய பிரஷ்ஷால் மீதிப் பற்களைத் துலக்குவது, இரவில் பல்செட்டைக் கழற்றித் தண்ணீரில் போடுவது எல்லாவற்றையும் செய்து காட்டினேன். போகும்போது அவர் சொன்னார்: "இவருக்கு இருபது வருடமாகவே பல் விளக்கினால் ரத்தம் வரும் டாக்டர். வலி இல்லையே என்று விட்டுவிட்டோம்."

இதைத் தோட்டத்துக் குடும்பங்களில் அடிக்கடி கேட்கிறேன். சொத்தைப் பல் தூங்கவிடாமல் ஆளை என்னிடம் கொண்டுவந்து சேர்த்துவிடும். ஈறு நோயோ சத்தமில்லாமல் வளரும். காரை படிந்து, ஈறு பல்லைவிட்டு விலகி, பை போன்ற இடுக்குகள் உண்டாகும். அவற்றின் உட்சுவர் ஆறாத புண். நோய் முற்றியவரின் வாயில் அந்தப் புண்ணை விரித்தால் 8 முதல் 20 சதுர சென்டிமீட்டர் வரை வரலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். நம் 50 காசு நாணயங்கள் இரண்டு முதல் ஐந்து வரை பரப்பி வைத்த அளவு. காலில் இப்படியொரு புண் இருந்தால் இருபது வருடம் விட்டுவைப்போமா?

மெல்லும்போதும் துலக்கும்போதும் அந்தப் புண் வழியே கிருமிகள் ரத்தத்தில் கலக்கின்றன. உடலில் அழற்சி ஓயாமல் இருந்தால் ரத்தக்குழாய்ச் சுவர் கெடும். மூளைக்குச் செல்லும் கழுத்துத் தமனிகளின் கொழுப்புப் படிவில் ஈறு நோய்க் கிருமிகளின் தடயத்தையே கண்டிருக்கிறார்கள். அந்தப் படிவு வெடித்து, ரத்தம் உறைந்து வழியை அடைத்தால் பக்கவாதம்.

ஈறு நோய் உள்ளவர்களிடம் பக்கவாதம் கூடுதலாகக் காணப்படுகிறது. ஆனால் அதுதான் காரணம் என்று உறுதியாகவில்லை. அமெரிக்க இதயச் சங்கமும் 2012-இல் இப்படித்தான் சொன்னது. புகைபிடிப்பதும் இனிப்பு நீரும் (நீரிழிவு) இரண்டு நோய்களுக்கும் பொதுவான காரணங்கள். ஆகவே பல்லைச் சுத்தம் செய்தால் பக்கவாதம் வராது என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. ரத்தக் கொதிப்பு மாத்திரையின் இடத்தைப் பிரஷ் பிடிக்காது.

இனிப்பு நீர் விஷயம் இன்னும் தெளிவானது. சர்க்கரை ஏறினால் ஈறு கெடும். ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினம். ஈறுக்குச் சிகிச்சை செய்தால் சர்க்கரை அளவு ஓரளவு இறங்குகிறது. 2019-இல் எடுத்த தேசிய ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் மிக அதிகம். அதனால்தான் ஈறில் ரத்தம் என்று வருபவரிடம் கடைசியாக எப்போது சர்க்கரையும் கொதிப்பும் பார்த்தீர்கள் என்று கேட்கிறேன்.

இன்னொன்று. பல் பிடுங்க வருமுன் சிலர் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிட்டு வருகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பல் பிடுங்கிய இடத்தில் வரும் ரத்தத்தைப் பஞ்சை அழுத்தியோ தையல் போட்டோ என்னால் நிறுத்த முடியும். மூளையில் அடைப்பு வந்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. மாத்திரையின் பெயர் நினைவில்லாவிட்டால் பரவாயில்லை, அட்டையை அப்படியே எடுத்து வாருங்கள்.