மாலையில் தொங்கும் இமை: மயஸ்தீனியா கிரேவிஸ் பற்றி

காலையில் எழும்போது முகம் தெளிவாக இருக்கும். பொழுது சாயச் சாய ஒரு கண்ணின் இமை தானாகக் கீழிறங்கும், பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும், சாப்பாட்டின் பாதியிலேயே தாடை ஓய்ந்துபோகும். உறங்கி எழுந்தால் யாவும் சரியாகிவிடுவதால், இந்நோயாளிகளில் பலர் முதலில் கண்ணாடியை மாற்றுகிறார்கள், பிறகு சத்து மாத்திரை சாப்பிடுகிறார்கள். சிலர் ‘எல்லாம் மனக்கவலைதான்’ என்று சொல்லி அனுப்பப்பட்ட பின்னரே நரம்பியல் மருத்துவரிடம் வந்து சேர்கிறார்கள். உண்மையில், சந்தேகத்துக்கு இடமளிக்கும் அந்த ஏற்ற இறக்கம்தான் மயஸ்தீனியா கிரேவிஸ் நோயின் முதன்மையான அடையாளம்.

இதில் பழுதுபடுவது நரம்பும் தசையும் சந்திக்கும் இடம். நரம்பு முனையில் சுரந்து தசையை இயக்கும் அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருளைத் தசையில் பெற்றுக்கொள்ளும் ஏற்பிகளை, உடலின் நோயெதிர்ப்பு மண்டலமே எதிர்ப்பொருள்களை உண்டாக்கித் தாக்குகிறது. நல்ல பாம்பின் நஞ்சும் இதே ஏற்பிகளைத்தான் அடைக்கிறது. பாம்புக்கடிக்கு ஆளானவருக்கு இமை தொங்குவதும் இதனால்தான். மூளையில் கோளாறு இல்லாததால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இயல்பாகவே இருக்கும். அதைக் காட்டி நோயே இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

ஓய்வெடுத்துவிட்டுக் காலையில் வரும் நோயாளியிடம் பலவீனம் தென்படாமல் போகலாம் என்பதால், ஓரிரு நிமிடங்கள் இமைக்காமல் மேலே பார்த்துக்கொண்டிருக்கச் சொல்வோம். தொங்கிய இமையின் மேல் இரண்டு நிமிடம் பனிக்கட்டிப் பொதியை வைத்தால், குளிர்ச்சியில் இமை சற்று உயர்வதுண்டு. செலவே இல்லாத இந்தச் சோதனை பல வேளைகளில் வழிகாட்டிவிடுகிறது. மாலையில் கைபேசியில் எடுத்த முகப்படம் ஒன்றைக் கொண்டுவந்தால் எங்கள் வேலை பாதி குறையும். இரத்தத்தில் அசிட்டைல்கோலின் ஏற்பிக்கு எதிரான எதிர்ப்பொருள், உடல் முழுவதும் நோய் பரவியவர்களில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினரிடம் காணப்படுகிறது. கண்ணோடு நின்றவர்களில் பாதிப் பேரிடம் மட்டுமே இருக்கும். ஆகவே, முடிவு எதிர்மறையாக வந்தாலும், நரம்பைத் தொடர்ந்து தூண்டித் தசையின் எதிர்வினை படிப்படியாகக் குறைகிறதா என்று மின்சோதனையில் பார்க்கிறோம். நோய் உறுதியானதும், மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும், நோயெதிர்ப்போடு தொடர்புடைய தைமஸ் சுரப்பியில் கட்டி உள்ளதா என அறிய மார்பு சிடி ஸ்கேன் கட்டாயம்.

1934-இல் இலண்டனில் மேரி வாக்கர் என்னும் மருத்துவர், இந்நோய், தசைகளைச் செயலிழக்கச் செய்யும் க்யூரேர் என்னும் தாவர நஞ்சின் விளைவை ஒத்திருப்பதைக் கவனித்து, அந்நஞ்சுக்கு முறிவான ஃபைசோஸ்டிக்மினைச் செலுத்திப் பலன் கண்டார். இன்று நாங்கள் தரும் பைரிடோஸ்டிக்மின் அதே வழிவந்தது. விழுங்கிய ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்யும், சில மணி நேரத்தில் பலன் மங்கிவிடும். அது அறிகுறியை மட்டுமே தணிக்கிறது. நோயின் வேரை அடக்க ஸ்டீராய்டும் பிற நோயெதிர்ப்பு அடக்கி மருந்துகளும் தேவை. ஸ்டீராய்டு தொடங்கிய முதல் இரண்டு வாரங்களில் பலவீனம் கூடக்கூடும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடாவிட்டால், நோயாளி பயந்து மருந்தையே நிறுத்திவிடுவார். கட்டி இல்லாதவர்களிலும், தகுந்தவர்களுக்குத் தைமஸை அகற்றுவது நல்ல பலன் தருகிறது.

எனக்கு அதிகக் கவலை தருவது மருந்துக்கடைகள். சளிக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் கேட்டவுடன் கிடைக்கும் சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின், அசித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக் மருந்துகளும், ஜென்டாமைசின் ஊசியும் இந்நோயைத் திடீரெனக் கடுமையாக்கக்கூடும். தொற்றின்போதோ இத்தகைய மருந்துக்குப் பின்னரோ விழுங்க முடியாமல் போனாலும், ஒரே மூச்சில் 20 வரை எண்ண இயலாவிட்டாலும் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 98 காட்டுகிறது என்று வீட்டில் காத்திருக்க வேண்டாம். மூச்சுத்தசைகள் வெகுவாகத் தளர்ந்த பின்னரே அந்த எண் இறங்கும். மருத்துவமனையில் இம்யூனோகுளோபுலின் (கொடையாளர் இரத்தத்திலிருந்து பெறும் எதிர்ப்பொருள்கள்) அல்லது பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சை (தீங்கு செய்யும் எதிர்ப்பொருள்களை இரத்தத்திலிருந்து நீக்குவது) தொடங்கினால், செயற்கைச் சுவாசம் தேவைப்பட்டவர்களிலும் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள்.