அப்பா கடையில் பையன் நிற்கலாமா? சிறார் வேலைச் சட்டம் சொல்வது என்ன?

மே மாத லீவில் பன்னிரண்டு வயதுப் பையன் அப்பாவின் மளிகைக்கடையில் பொட்டலம் மடிக்கிறான். பக்கத்து டீக்கடையில் அதே வயதுப் பையன் கிளாஸ் கழுவுகிறான். எதிரில் இருக்கும் ஜவுளிக்கடையில் பதினாறு வயதுப் பெண் துணி எடுத்துப் போடுகிறாள். இந்த மூன்றில் எது சரி, எது குற்றம் என்று கேட்டால் பெரும்பாலானவர்களின் பதில் ஒன்றுதான்: “சொந்தக் கடை என்றால் பரவாயில்லை.” சட்டம் அவ்வளவு தாராளம் இல்லை.

1986-இல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் பெரிய அளவில் திருத்தப்பட்டது. இப்போது அதன் பெயர் ‘குழந்தை மற்றும் வளரிளம் பருவத் தொழிலாளர் (தடை செய்தல் மற்றும் முறைப்படுத்துதல்) சட்டம்’. பெயர் நீண்டதற்குக் காரணம் உண்டு. பழைய சட்டம் 14 வயதுக்குட்பட்டவர்களைச் சில ஆபத்தான தொழில்களில் மட்டும் தடுத்தது. அந்தத் தொழில்கள் பட்டியலில் இல்லாத இடத்தில் பிள்ளைகளை வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். வீட்டு வேலையும் ஹோட்டல் வேலையும்கூட 2006 அக்டோபரில்தான் அந்தப் பட்டியலில் ஏறின. 2016-க்குப் பிறகு, 14 வயது முடியாத யாரையும் எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது. 14 முதல் 18 வரை உள்ளவர்களை, அதாவது வளரிளம் பருவத்தினரை, வைக்கலாம், ஆபத்தான தொழில்களில் மட்டும் கூடாது.

டீக்கடைப் பையன் விஷயம் இதிலேயே முடிந்துவிட்டது. சம்பளம் கொடுத்தாலும் குற்றம், சாப்பாடு மட்டும் போட்டாலும் குற்றம். ஜவுளிக்கடைப் பெண்ணுக்குச் சில நிபந்தனைகள் இருக்கின்றன, அதற்குப் பிறகு வருவோம். மளிகைக்கடைப் பையன்தான் சிக்கல்.

சட்டத்தின் 3-ஆம் பிரிவு இரண்டு விலக்குகளைத் தருகிறது. பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் குடும்பத்துக்கோ குடும்பத் தொழிலுக்கோ பிள்ளை ‘உதவலாம்’ என்பது முதலாவது. குடும்பம் என்றால் யார் என்றும் சொல்லிவிடுகிறது: அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள், அப்பா அம்மாவுடன் பிறந்தவர்கள். ஆகவே சித்தப்பா கடை உள்ளே வரும், அம்மாவின் தம்பி கடை உள்ளே வரும். அத்தையின் கணவர் தனியாக நடத்தும் பட்டறை வராது. ஊர்க்காரர், தூரத்துச் சொந்தம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இதுவரை படித்தவர்கள் ‘அப்படியென்றால் அப்பா கடையில் நிற்கலாம்தானே’ என்று நினைப்பார்கள். 2017-இல் வந்த மத்திய அரசின் விதிகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அவற்றின்படி, பிள்ளை செய்யும் உதவி ஒரு நாளில் மூன்று மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. இரவு 7 மணியிலிருந்து காலை 8 மணிவரை எதுவும் செய்யச் சொல்லக் கூடாது. பெரியவர் ஒருவர் செய்ய வேண்டிய வேலைக்குப் பதிலாளாகப் பிள்ளையை நிறுத்தக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியமான வரி வேறு: குடும்பத்துக்கு வருமானம் தரும் உற்பத்தி, விநியோகம், சில்லறை விற்பனை ஆகியவற்றின் எந்தக் கட்டத்திலும் அந்த உதவி இருக்கக் கூடாது.

இந்த வரியைக் கறாராகப் படித்தால் பொட்டலம் மடிப்பதே கேள்விக்குரியதாகிவிடும், கல்லாவில் உட்காருவது பற்றிச் சொல்லவே வேண்டாம். கடைக்குப் பின்னால் இருக்கும் வீட்டைக் கூட்டுவது, அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது போன்றவற்றுக்குத் தடை இல்லை. சட்டம் அகலமாகத் திறந்த கதவை விதிகள் பாதி மூடிவிட்டன. என் கணிப்பில், இந்தச் சட்டத்தில் மக்களுக்கு மிகக் குறைவாகத் தெரிந்த பகுதி இதுதான்.

ஏன் இப்படி ஒரு கதவைத் திறந்தார்கள்? நம் ஊரில் பிள்ளை வளர்ப்பும் தொழில் பழக்குவதும் நெடுநாள் ஒன்றாகவே நடந்தன. காஞ்சிபுரத்துக் கோர்வைப் பட்டு (உடலையும் கரையையும் தனித்தனி நூலில் நெய்து கோப்பது) நெய்ய, தறியின் மறுபக்கம் உட்கார்ந்து கரைக்கான நாடாவைப் போட்டுக் கொடுக்க ஒரு துணையாள் வேண்டும். பல வீடுகளில் அந்த இடத்தில் பிள்ளைகள்தான் உட்கார்ந்தார்கள். அதை யாரும் கூலி வேலையாக நினைக்கவில்லை, தொழில் கற்றுக்கொள்கிறான் என்றே சொன்னார்கள். 2016 திருத்தத்தின்போது அரசு சொன்ன நியாயமும் ஏறக்குறைய இதுவே. எதிர்த்தவர்கள் கேட்டதும் நியாயமான கேள்விதான்: வீட்டுக்குள் நடப்பதை எந்த ஆய்வாளர் போய்ப் பார்ப்பார்? ஒப்பந்தக்காரர் வீட்டுக்கே மூட்டை கொண்டுவந்து போட்டு, முடித்த சரக்கை எண்ணி வாங்கிப் போகும் தொழில்களில் குடும்பம் எது, முதலாளி எது என்று பிரிப்பது கஷ்டம். அக்கா தங்கைகள் வீட்டில் செய்யும் சமையலும் தண்ணீர் தூக்குவதும் தம்பியைப் பார்த்துக்கொள்வதும் எந்தக் கணக்கிலும் வருவதே இல்லை. அது தனிக்கதை.

14 என்ற எண்ணும் இயற்கையில் முளைத்தது இல்லை. இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881-இல் வந்தபோது ஏழு வயது நிரம்பினாலே ஆலைக்குள் போகலாம். 7 முதல் 12 வரை ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் வேலை, அதையே அப்போது பாதுகாப்பு என்றார்கள். 1891-இல் அந்த வயது 9 ஆனது, 1922-இல் 12 ஆனது. இங்கிலாந்தும் 1833-இல் பஞ்சாலைகளுக்கு ஒன்பது வயதில்தான் கோடு போட்டது. இன்றும் நாட்டுக்கு நாடு கோடு மாறுகிறது. ஜெர்மனியில் 13 வயதுப் பிள்ளை பெற்றோர் சம்மதத்தோடு செய்தித்தாள் போடுவது போன்ற லேசான வேலையைத் தினம் இரண்டு மணி நேரம் செய்யலாம். பொலிவியா 2014-இல் பத்து வயதுப் பிள்ளைகள் சொந்தமாகத் தொழில் செய்ய அனுமதித்து, உலகம் முழுக்க விவாதத்தைக் கிளப்பி, பின்னர் 14-க்கே திரும்பியது. இலங்கை 2021-இல் 14-லிருந்து 16-க்கு உயர்த்தியது. அங்கே கட்டாயக் கல்வி 16 வயதுவரை இருப்பதால் இரண்டும் பொருந்திவிட்டன. இங்கே கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை மட்டுமே. பத்தாம் வகுப்பு முடிக்கும் முன்னரே இந்தச் சட்டத்தின் முழுத் தடை விலகிவிடுகிறது என்பது எனக்கு உறுத்தலான விஷயம்.

இரண்டாவது விலக்கு சினிமா, சீரியல், விளம்பரம், விளையாட்டு ஆகியவற்றுக்கு. சர்க்கஸுக்குக் கிடையாது. படப்பிடிப்புக்கு மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, தொடர்ந்து 27 நாளைத் தாண்டக் கூடாது. பிள்ளையின் சம்பாத்தியத்தில் குறைந்தது 20 சதவீதத்தைத் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் அதன் பெயரிலேயே வைப்பு நிதியாகப் போட வேண்டும். மீதி 80 சதவீதத்தைப் பற்றி விதி எதுவும் பேசவில்லை.

சரி, ஜவுளிக்கடைப் பெண். சுரங்கம், வெடிபொருள் அல்லது எளிதில் தீப்பற்றும் பொருள், தொழிற்சாலைச் சட்டம் ஆபத்தானது என்று குறித்த செயல்முறை ஆகியவை 18 வயது முடியாதவர்களுக்கு முழுத் தடை. ஜவுளிக்கடை இதில் வராது. ஆனால் ஒரே மூச்சில் மூன்று மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, இடையில் ஒரு மணி நேர ஓய்வு, ஓய்வையும் சேர்த்து மொத்தம் ஆறு மணி நேரம். இரவு 7-க்கு மேல் கூடாது, ஓவர்டைம் கூடாது, வாரம் ஒரு நாள் விடுமுறை. அவள் பெயர், பிறந்த தேதி, வேலை நேரம் எழுதிய பதிவேட்டைக் கடைக்காரர் வைத்திருக்க வேண்டும். தீபாவளி நேரத்தில் இரவு பத்து மணிவரை நிற்க வைத்தால் அது விதிமீறல்தான், அவளே சம்மதித்தாலும்.

மீறினால் என்ன? 14 வயதுக்குட்பட்டவரை வேலைக்கு வைத்தாலோ, வளரிளம் பருவத்தினரை ஆபத்தான தொழிலில் வைத்தாலோ ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். திரும்பச் செய்தால் ஓராண்டு முதல் மூன்றாண்டு சிறை. வாரண்ட் இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றம் இது. பிள்ளையைக் கொத்தடிமையாக வைத்தாலோ அதன் சம்பளத்தைப் பிடித்து வைத்தாலோ, 2015-இன் சிறார் நீதிச் சட்டத்தின்படி ஐந்தாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. அங்கே 18 வயது முடியாத எல்லோருமே குழந்தைதான்.

பெற்றோருக்கு முதல் முறை தண்டனை இல்லை. மறுபடியும் அனுப்பினால் 10,000 ரூபாய் வரை அபராதம். வறுமையில் அனுப்பியவரையும் லாபத்துக்கு வைத்தவரையும் ஒரே தட்டில் வைக்காதது நல்லதுதான்.

மீட்கப்பட்ட பிள்ளைக்கு ஒரு தொகையும் உண்டு. இதற்குத் தமிழ்நாட்டு வழக்கு ஒன்று முன்னோடி. சிவகாசி தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் இருந்த பிள்ளைகளுக்காக வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிள்ளை ஒருவருக்கு 20,000 ரூபாயை முதலாளி நல நிதியில் கட்ட வேண்டும், அந்தக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு எங்காவது வேலை கிடைக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும், முடியாவிட்டால் அரசு தன் பங்காக 5,000 ரூபாயை அந்த நிதியில் சேர்க்க வேண்டும் என்றது. இன்றைய சட்டத்தில் முதலாளி கட்டும் அபராதமும் அரசு தரும் 15,000 ரூபாயும் மறுவாழ்வு நிதியில் அந்தப் பிள்ளையின் கணக்கில் சேரும்.

புகார் சொல்லக் குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடலாம். மத்திய அரசின் ‘பென்சில்’ இணையதளத்திலும் பதியலாம். அது மாவட்டப் பொறுப்பு அதிகாரிக்குப் போகும், 48 மணி நேரத்துக்குள் அவர் உண்மைத்தன்மையைச் சரிபார்க்க வேண்டும். போலீஸ் நிலையத்திலும் சொல்லலாம். கடையின் பெயர், இருக்கும் தெரு, பிள்ளையைப் பார்த்த நேரம் இவற்றைச் சொன்னால் அவர்களுக்கு வேலை எளிது. பிள்ளையிடம் போய் விசாரித்துக்கொண்டிருக்க வேண்டாம், அடுத்த நாளே அவனை வேறு இடத்துக்கு மாற்றிவிடுவார்கள். “பையனுக்கு 15 ஆகிவிட்டது” என்று கடைக்காரர் சாதித்தால், பள்ளிச் சான்றிதழையோ பிறப்புச் சான்றிதழையோ பார்ப்பார்கள். எதுவும் இல்லையென்றால் மருத்துவர் எலும்புப் பரிசோதனை செய்து வயதைச் சொல்வார்.