பையன் அப்ரண்டிஸா, வெறும் டிரெய்னியா?

ஐ.டி.ஐ.யில் பயிற்றுநராக இருப்பதால், படிப்பு முடித்துப் போன பிள்ளைகளின் பெற்றோர் அடிக்கடி பேசுவார்கள். "கம்பெனியில டிரெயினிங் தர்றாங்க சார், மாசம் பணமும் வருது" என்பார்கள். சந்தோஷம்தான். ஆனால் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) ஒப்பந்தம் போட்டு, அரசின் அப்ரண்டிஸ்ஷிப் இணையதளத்தில் பதிவு செய்தார்களா என்று கேட்டால், பலருக்கும் அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை.

தொழிற்பழகுநர் சட்டம் 1961இலேயே வந்துவிட்டது. இன்றைய விதிப்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், தன் ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும். 2016இல் தொடங்கிய தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில், பழகுநருக்கு மாதாமாதம் தரும் உதவித்தொகையின் ஒரு பங்கை ஓர் உச்சவரம்புக்குள் மத்திய அரசே தருகிறது.

பதிவான ஒப்பந்தம் கையில் இருந்தால் பிள்ளைக்குப் பாதுகாப்பு இருக்கிறது. பீஸ் ரேட்டில், அதாவது செய்து முடித்த உருப்படிகளின் எண்ணிக்கைப்படி, பணம் கொடுக்கக் கூடாது. இந்தச் சட்டத்தைக் கவனிக்கும் அரசு அதிகாரியான பழகுநர் ஆலோசகரின் ஒப்புதல் இல்லாமல் ஓவர்டைம் பார்க்கச் சொல்லக் கூடாது. பயிற்சியின்போது அடிபட்டால் நிறுவனம் இழப்பீடு தர வேண்டும். ஐ.டி.ஐ. டிரேடுகளில் (தொழிற்பிரிவுகளில்) கடைசியில் தேர்வு எழுதித் தேறினால் என்.ஏ.சி. எனும் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ் கிடைக்கும். பயிற்சி முடிந்ததும் வேலை தந்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

பதிவில்லாத டிரெய்னிக்கு இதெல்லாம் கிடையாது. தொழிலாளி என்றால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. தர வேண்டும்; பயிற்சி என்று பெயர் வைத்து அதையும் தட்டிக்கழிக்கிறார்கள். டர்னர் படித்த பையன் லேத் (கடைசல் இயந்திரம்) பக்கமே போகாமல், வருடம் முழுக்கப் பேக்கிங்கில் நிற்கிறான். இது எனக்குப் பெரிய வேதனை.

தமிழக அரசு டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 அரசு ஐ.டி.ஐ.களை நவீனமாக்கியதை மனமார வரவேற்கிறேன். ரோபோவும், கணினி வழி இயங்கும் சி.என்.சி. இயந்திரமும் நம் பிள்ளைகள் கைக்கு வரட்டும். ஆனால் தொழிற்சாலையின் வேகமும் துல்லியமும் ஷாப் ஃப்ளோரில்தான் பழகும். எத்தனை புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டோம் என்பதைவிட, எத்தனை பேர் என்.ஏ.சி. வாங்கினார்கள் என்பதை மாவட்டவாரியாக அரசு வெளியிட வேண்டும்.

சேரும் முன் மூன்றைக் கேளுங்கள்: ஒப்பந்தப் பதிவு எண், எந்த டிரேடு, எத்தனை மாதம். 18 வயது ஆகாத பிள்ளை என்றால் பெற்றோரோ பாதுகாவலரோதான் கையெழுத்துப் போட வேண்டும். படித்துப் பார்த்துப் போடுங்கள். பதிவு செய்ய மறுத்தால் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். அப்புறம் பார்க்கலாம் என்று விட வேண்டாம்.