வெளியுறவுக் கொள்கை ஃபெல்லோஷிப்: விண்ணப்பிக்கும் முன் தெரிய வேண்டியவை

வெளியுறவுத் துறையில் ஃபெல்லோஷிப், அதாவது படிக்கவோ ஆராயவோ பயிற்சி பெறவோ பணத்தோடு தரும் இடம், தேடுபவர்கள் முதலில் பார்ப்பது மாதம் எவ்வளவு தருவார்கள் என்பதை. அதைக் கடைசியில் பார்த்தால் போதும். இந்த இடம் யாருக்காக ஒதுக்கப்பட்டது, முடிந்த பிறகு நம்மை எங்கே இருக்கச் சொல்கிறார்கள் என்ற இரண்டையும்தான் முதலில் பார்க்க வேண்டும். நல்ல தகுதி உள்ளவர்களும் சறுக்குவது இங்கேதான்.

சில திட்டங்கள் பட்டத்தோடு வரும். பிரிட்டன் அரசு 1983 முதல் நடத்திவரும் செவனிங் அப்படிப்பட்டது. அங்கே ஓராண்டு முதுகலை படிக்கக் கல்விக் கட்டணம், விமானச் செலவு, வாழ்க்கைச் செலவு எல்லாம் கிடைக்கும். இளங்கலைப் பட்டமும் இரண்டு ஆண்டு வேலை அனுபவமும் வேண்டும். அனுபவத்தை மணிக்கணக்கில், அதாவது 2,800 மணி நேரம் என்று எண்ணுகிறார்கள். பகுதிநேர வேலை, தன்னார்வப் பணி, சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப் கூட அதில் சேரும். ‘எனக்கு முறையான வேலையே இல்லையே’ என்று ஒதுங்குபவர்கள் ஒருமுறை கூட்டிப் பார்ப்பது நல்லது. உச்ச வயது வரம்பு கிடையாது. ஆனால் செவனிங்குக்கு விண்ணப்பித்தால் மட்டும் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிடாது. பல்கலைக்கழகங்களுக்குத் தனியாக விண்ணப்பித்து, குறித்த தேதிக்குள் ஓர் இடத்தையாவது நிபந்தனையின்றி உறுதி செய்ய வேண்டும்.

பட்டம் தராத திட்டங்களும் உண்டு. அமெரிக்க அரசின் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி ஃபெல்லோஷிப், 1978-இல் ஜிம்மி கார்ட்டர் அதிபராக இருந்தபோது தொடங்கப்பட்டது. இது பணியில் சில ஆண்டுகள் ஊறியவர்களுக்கானது. பட்டம் பெற்ற பின் ஐந்து ஆண்டு முழுநேர அனுபவம் கேட்கிறார்கள். ஒரு கல்வியாண்டு அங்குள்ள பல்கலைக்கழகத்தில் இருக்கலாம். நடுவே சில வாரங்கள் ஓர் அலுவலகத்திலோ அமைப்பிலோ சேர்ந்து வேலை பார்க்கலாம். முனைவர் பட்ட ஆய்வுக்குக் காசு தேடுபவர் இதற்கு விண்ணப்பித்தால் இரு தரப்புக்கும் நேரம்தான் வீண்.

இந்தத் துறைக்கே உரிய வகை இன்னொன்று: பேராசிரியரை அரசு அலுவலகத்துக்கும், அதிகாரியை ஆய்வு நிலையத்துக்கும் ஓராண்டு மாற்றி உட்கார வைப்பது. அமெரிக்காவின் வெளியுறவு மன்றம் (Council on Foreign Relations) 1967 முதல் தன் நாட்டவர்களுக்கு இதைச் செய்கிறது. அது அரசு அமைப்பு இல்லை. ஆனால் அதன் ஃபெல்லோக்கள் அரசுக்குள்ளேயே போய் வேலை செய்ய முடியும். சோவியத் நாட்டைப் பற்றி ஸ்டான்ஃபோர்டில் பாடம் நடத்திக்கொண்டிருந்த காண்டலீசா ரைஸ், 1986-இல் இந்த வழியாகத்தான் ராணுவத் தலைமைத் தளபதிகளின் அலுவலகத்துக்குள் நுழைந்தார். பின்னாளில் வெளியுறவு அமைச்சரே ஆனார். எல்லோருக்கும் அப்படி நடக்காதுதான். ஆனால் ஒரு கோப்பு எப்படி நகர்கிறது என்பதை உள்ளேயிருந்து பார்த்த ஆய்வாளரின் எழுத்தில் அது தெரியும்.

ஐக்கிய நாடுகள் சபையின் ஆயுதக் குறைப்பு ஃபெல்லோஷிப்புக்கு நாமாக நேரே விண்ணப்பிக்க முடியாது. பொதுச்சபை 1978-இல் உருவாக்கிய இந்தத் திட்டத்துக்கு அந்தந்த நாட்டு அரசுதான் பெயரை அனுப்பும். பெரும்பாலும் இளம் தூதரக அதிகாரிகள் போகிறார்கள். கடல் சட்டத்தில் ஈடுபாடு இருந்தால், இலங்கையின் ஹாமில்ட்டன் ஷெர்லி அமரசிங்க நினைவாக 1981-இல் ஏற்படுத்தப்பட்ட ஐ.நா. ஃபெல்லோஷிப் இருக்கிறது. மூன்றாவது கடல் சட்ட மாநாட்டுக்குத் தலைமை தாங்கி, அது முடியும் முன்பே இறந்தவர் அவர்.

சரி, திரும்பி வரும் நிபந்தனைக்கு வருவோம். செவனிங் முடித்தவர் தன் நாட்டில் குறைந்தது இரண்டு ஆண்டுகள் இருக்க வேண்டும். அமெரிக்க அரசின் பணத்தில், பரிமாற்றத் திட்டங்களுக்கான ஜே-1 விசாவில் போகும் ஹம்ஃப்ரி ஃபெல்லோக்களுக்கும், அந்த அரசின் இன்னொரு திட்டமான ஃபுல்பிரைட்டில் போகிறவர்களுக்கும் சொந்த நாட்டில் இரண்டு ஆண்டு இருக்கும் விதி உண்டு. அதை முடிக்காமலோ விலக்குப் பெறாமலோ அங்கே ஹெச்-1பி வேலை விசாவும் கிடையாது, கிரீன் கார்டும் கிடையாது. சுற்றுலா விசாவுக்கு இந்தத் தடை இல்லை. மூன்றாவது நாடு ஒன்றுக்குப் போய் வேலை பார்ப்பதையும் இது தடுக்காது. ஆனால் அங்கே கழித்த காலம் இந்த இரண்டு ஆண்டுக் கணக்கில் சேராது. துணைவருக்கு ஜே-2 விசா எடுத்திருந்தால் இதே விதி அவரையும் பிடிக்கும். வீட்டில் பேசி முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது. கையெழுத்துப் போட்ட பிறகு படிக்கக்கூடாது.

அப்புறம் ஆய்வு முன்மொழிவு. ‘இந்தியப் பெருங்கடலில் வல்லரசுப் போட்டி’ என்று எழுதினால் அது தலைப்புதான், கேள்வி இல்லை. ‘துறைமுகக் கடன் ஒப்பந்தத்தில் எந்தெந்த விதிகளைச் சிறிய நாடு ஒன்று மறுபடி பேசிக் குறைக்க முடியும்?’ என்று கேட்டால், அதற்கான விடை ஓர் அமைச்சகத்து மேசையில் பயன்படும். அந்த மேசை யாருடையது என்றும் எழுதுங்கள். ஃபெல்லோஷிப் தரும் நாட்டுக்குப் போனால்தான் பார்க்க முடிகிற ஆவணங்கள் எவை, பேச வேண்டிய ஆட்கள் எந்தப் பொறுப்பில் இருந்தவர்கள் என்பதும் வேண்டும். உட்கார்ந்த இடத்திலேயே செய்யக்கூடிய ஆய்வுக்கு யாரும் விமான டிக்கெட் எடுத்துத் தர மாட்டார்கள்.

ஜெர்மனியின் ஹம்போல்ட் அறக்கட்டளை தரும் ஜெர்மன் சான்சலர் ஃபெல்லோஷிப்பில், தன்னைச் சேர்த்துக்கொள்ளும் அங்குள்ள நிறுவனத்தை விண்ணப்பிப்பவரே தேடிப் பிடித்து உறுதிக் கடிதம் வாங்க வேண்டும். முன்பின் தெரியாத ஒருவருக்கு மின்னஞ்சல் எழுதி, பதிலுக்குக் காத்திருந்து, திட்டத்தைத் திருத்தி அனுப்ப மாதங்கள் பிடிக்கும். அறிவிப்பு வந்த பிறகு தொடங்கினால் நேரம் போதாது.

அரசுப் பணியில் இருப்பவர்கள் மேலிட அனுமதியையும் விடுப்பையும் அதே சமயத்தில் கேட்டு வையுங்கள். பரிந்துரைக் கடிதத்துக்குப் பெரிய பதவிக்காரரைத் துரத்த வேண்டாம். உங்கள் வரைவைத் திருத்திய மேலதிகாரி எழுதும் ஒரு பக்கத்துக்கு எடை அதிகம். வரவுசெலவில் கை வைத்தால் இந்தத் திட்டங்களும் சுருங்கும், சில சமயம் நின்றும் போகும். எனவே போன ஆண்டு போனவர் சொன்ன விவரத்தை வைத்து நிரப்பாமல், இந்த ஆண்டு அறிவிப்பை முழுதாகப் படித்துவிட்டு நிரப்புங்கள்.