ரேம்ப்: சாய்தளமா, சறுக்கா, வாட்டமா?

வடசென்னையில் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைப் பக்கம் குறைந்த விலை அடுக்ககம் ஒன்றின் வரைபடத்தைப் பிரித்தால், வாசலருகே ஒரு நீள்கட்டமும் அதற்குள் ‘ரேம்ப்’ என்ற ஒற்றைச் சொல்லும் இருக்கும். சிக்கல் அந்தச் சொல்லிலேயே தொடங்குகிறது. பைக் ஏறுவதும் ரேம்ப்தான், பாட்டியின் சக்கர நாற்காலி ஏறுவதும் ரேம்ப்தான். இரண்டுக்கும் வேண்டிய சரிவு வேறு வேறு.

பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன சொல் இது. மூலமான ‘ராம்பே’ என்ற வினைக்குப் பழைய பிரெஞ்சில் ஏறுதல் என்று பொருள். இன்றைய பிரெஞ்சில் ஊர்ந்து செல்லுதல். அழகிப் போட்டி மேடைக்கும் நம்மூரில் இதே பெயர்தான்.

தமிழில் ‘சாய்தளம்’ நிலைத்துவிட்டது. வாக்குச்சாவடிச் செய்திகளில் ‘சாய்தள வசதி’ என்று படித்திருப்பீர்கள். இது வினைத்தொகை, எனவே த் இரட்டிக்காது. ‘சாய்வுத்தளம்’ என்று எழுதினால் இரட்டிக்கும். இரண்டும் சரி, சிறியது நல்லது. ‘சறுக்குப்பாதை’ மட்டும் வேண்டாம். சறுக்கக் கூடாது என்பதற்காகக் கட்டுவதற்கு அந்தப் பெயரா?

ஆனால் கொத்தனாரிடம் ‘சாய்தளம்’ என்றால் பாதிதான் போய்ச்சேரும். அவர் சொல் ‘வாட்டம்’. முகவாட்டத்தில் இருப்பதும், ‘கைக்கு வாட்டமா இருக்கு’ என்பதில் இருப்பதும் வேறு பொருள்கள். கட்டட வேலையில் வாட்டம் என்றால் சரிவு. குளியலறைத் தரைக்கு ‘அடிக்கு ஒரு நூல் வாட்டம்’ என்பார்கள். நூல் என்பது எட்டில் ஒரு அங்குலம். தண்ணீர் ஓட அது போதும். சாய்தளத்துக்குக் கட்டட விதிநூல்கள் சொல்லும் உச்ச அளவு 1:12, அதாவது 12 பங்கு நீளத்துக்கு 1 பங்கு உயரம். ஓர் அடி 12 அங்குலம் என்பதால், கொத்தனார் மொழியில் அது ‘அடிக்கு ஒரு இன்ச் வாட்டம்’. அதற்கு மேல் கூடாது.

இப்போது கணக்கு. மழைவெள்ளத்துக்குப் பயந்து வடசென்னையில் பேஸ்மட்டத்தை, அதாவது தெருவுக்கு மேல் வீட்டுத் தரை நிற்கும் மட்டத்தை, 3 அடி உயர்த்துகிறார்கள். (பேஸ்மெண்ட் என்ற ஆங்கிலச் சொல்லில் நம் மட்டத்தைக் கலந்து கொத்தனார்கள் ஆக்கிய சொல் பேஸ்மட்டம், அருமையான சொல்.) 3 அடி என்றால் 36 அங்குலம், ஆக, சாய்தளத்துக்கு 36 அடி நீளம் வேண்டும். ஒடுங்கிய மனையில் அவ்வளவு நீளம் எங்கே? 12 அடியில் முடித்துவிடுகிறார்கள். அது அடிக்கு மூன்று அங்குலம்: வண்டி ஏறும், முதியவர் ஏற மாட்டார், கேஸ் சிலிண்டரை உருட்டி வருபவர் திணறுவார்.

வழி, மடித்துக் கட்டுவது. 18 அடி ஏறி, 5 அடி ஆழத்துக்குச் சமதளத் திருப்பம், மறுபடி 18 அடி. அகலம் ஒவ்வோர் ஏற்றத்துக்கும் 4 அடி. நடுச்சுவரோடு மொத்தம் 9 அடி, நீளம் 23 அடி. மேலும் கீழும் 5 அடிச் சமதளம் தனி. அடித்தளம் போடும்போதே இடம் ஒதுக்கினால் செலவு சிறிது. குடி வந்த பிறகு சேர்க்க இடமே இருக்காது.

கைப்பிடி இரண்டு உயரத்தில்: 36 அங்குலத்தில் ஒன்று பெரியவர்களுக்கு, 30 அங்குலத்தில் ஒன்று குழந்தைகளுக்கும் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும். காசிமேடு, திருவொற்றியூர் உப்புக்காற்றில் வெறும் இரும்புக் குழாய்க்குப் பெயிண்ட் அடித்தால் நிற்காது, துத்தநாகம் பூசிய ஜி.ஐ. பைப் வேண்டும். பளபள டைல்ஸ் மழையில் வழுக்கும். சிமெண்ட் பூச்சு ஈரமாக இருக்கும்போதே குறுக்காகக் கோடுகள் இழுத்துவிடுவது மலிவு, பாதுகாப்பும் கூட.

சோதிப்பது எளிது. 4 அடி மட்டப்பலகையின் ஒரு முனையைச் சரிவின் மேற்பக்கம் வைத்து, மேலே ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவில் நிற்கும்வரை மறுமுனையைத் தூக்குங்கள். அந்த முனைக்கும் தரைக்கும் இடையே 4 அங்குலத்துக்கு மேல் இருந்தால் வாட்டம் தவறு.

ஆகவே வரைபடத்தில் வெறும் ரேம்ப் வேண்டாம். ‘நடைச் சாய்தளம், அடிக்கு 1 அங்குல வாட்டம்’ என்றும் ‘வண்டிச் சாய்தளம்’ என்றும் பிரித்து எழுதுங்கள். தெருமட்டத்தையும் குறித்துவையுங்கள்: பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே சாலை போட்டால் சாய்தளத்தின் அடி பள்ளமாகி, முதல் மழையிலேயே அங்கே தண்ணீர் தேங்கும்.